பனிக்கு ஆகாத பனியன்

குளிர் நாடுகளுக்கு வந்து சேர்ந்த நம்மாட்கள் உடைக்குச் செலவழிப்பதில் எழுதாத விதி ஒன்று இருக்கிறது. எது ஊர் கண்ணுக்குத் தெரிகிறதோ அதற்குப் பணம் தண்ணீராய்ப் பாயும். எது தோலைத் தொடுகிறதோ அதற்குக் கை இறுகிவிடும். எண்ணூறு டாலர் கோட்டு, அதற்குள் தள்ளுபடியில் வாங்கிய ஸ்வெட்டர், அதற்குள் ஊரிலிருந்து அம்மா மடித்து வைத்து அனுப்பிய அரை டஜன் பருத்தி பனியன்களில் ஒன்று. கீழே ஜீன்ஸ். ஜீன்ஸுக்குள் ஒன்றுமில்லை. மினியாபொலிஸில் ஒன்பது குளிர்காலங்களாக இந்த வரிசையைப் பார்த்துவருகிறேன். இது தலைகீழ் என்பதுதான் என் வாதம். குளிரில் உங்களைக் காப்பாற்றுவதும் கைவிடுவதும் தோலை ஒட்டிய முதல் துணிதான். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

உடனே ஒரு பதில் வரும். "இதுல என்ன சார் இருக்கு? வீட்டுக்குள்ள ஹீட்டர், கராஜ்ல கார், ஆபீஸ்ல ஹீட்டர். குளிர்ல எங்க நிக்கறோம்?" மினியாபொலிஸ் நகர மையத்தில் இந்தப் பதிலுக்குக் கூடுதல் பலம் உண்டு. அங்கே கட்டடங்களை இரண்டாவது மாடி உயரத்தில் இணைக்கும் கண்ணாடிப் பாலங்கள், ஸ்கைவே, கிலோமீட்டர் கணக்கில் ஓடுகின்றன. ஜனவரியில் வெறும் சட்டையோடு அலுவலகத்திலிருந்து சாப்பிடப் போய் வரலாம்.

இந்தப் பதில் ஒரு வர்க்கத்தின் பதில் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். மாணவ விசாவில் வந்து பேருந்துக்கு நிற்பவர்களுக்கும், கிடங்குகளில் இரவுப் பணி செய்பவர்களுக்கும், சாப்பாட்டுப் பொட்டலம் கொண்டுபோய்க் கொடுப்பவர்களுக்கும் ஸ்கைவே கிடையாது. கார்க்காரர்களுக்கும் அது முழுப் பதில் அல்ல. கார் பனியில் சறுக்கிப் பள்ளத்தில் இறங்கி, இழுவை வண்டிக்காகக் காத்திருக்கும் ஒரு மணி நேரத்துக்கு அந்தப் பதிலில் இடமில்லை. 2019 ஜனவரி கடைசியில் இங்கே வெப்பநிலை மைனஸ் 30 செல்சியஸுக்கும் கீழே போனது. அந்த வாரத்தில் நாயை வெளியே கூட்டிப்போனவர்கள்கூட உடையைப் பற்றி யோசித்தாக வேண்டியிருந்தது.

எனவே பௌதிகத்துக்கு வருவோம். பொறியியல் படித்தவர்கள்தான் நம்மில் பாதிப்பேர். ஆனால் உள்ளுறை வெப்பம் என்ற அத்தியாயத்தைத் தேர்வுத்தாளில் விட்டுவிட்டு வந்துவிட்டோம்.

*

குளிரில் முதல் எதிரி காற்று என்று நினைக்கிறோம். இல்லை, முதல் எதிரி நம் வியர்வை.

நம்பாதவர்கள், பனி கொட்டிய மறுநாள் காலையில் வீட்டு வாசலைச் சுத்தம் செய்த அனுபவத்தை நினைத்துப் பாருங்கள். வெளியே மைனஸ் 15. கையில் பனி வாரும் மண்வெட்டி. பத்தாவது நிமிடத்தில் முதுகு நனைகிறது. இருபதாவது நிமிடத்தில் கோட்டின் ஜிப்பைத் திறக்கத் தோன்றுகிறது. வேலை முடிந்து பக்கத்து வீட்டுக்காரரோடு இரண்டு நிமிடம் பேச நிற்கிறீர்கள். அப்போதுதான் குளிர் ஏறுகிறது. அது வெளியிலிருந்து வருவதில்லை, முதுகிலிருந்து வருகிறது.

கணக்கு எளிது. தோலின் வெப்பநிலையில் ஒரு கிராம் நீர் ஆவியாக ஏறத்தாழ 2.4 கிலோஜூல் வேண்டும். உங்கள் பனியனில் 100 கிராம் வியர்வை தங்கியிருக்கிறது என்று வையுங்கள். அரை டம்ளர்கூட ஆகாது. அது காய 240 கிலோஜூல் தேவை. சும்மா உட்கார்ந்திருக்கும் மனித உடல் சுமார் 100 வாட் வெப்பத்தை உற்பத்தி செய்கிறது. அதாவது அந்த அரை டம்ளர் நீரைக் காயவைக்க, 40 நிமிடங்களுக்கு உங்கள் உடல் உற்பத்தி செய்யும் மொத்த வெப்பமும் ஒப்பாகும். அந்த வெப்பத்தின் பெரும்பகுதியை உடல்தான் கொடுக்க வேண்டும். அதற்குமேல், நீர் காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு நன்றாக வெப்பத்தைக் கடத்தும். நனைந்த துணி தோலில் ஒட்டிக்கொண்டால், உடலுக்கும் குளிருக்கும் நடுவே நீங்களே ஒரு பாலம் கட்டிக்கொடுத்தது போல.

எண்ணூறு டாலர் கோட்டு இதில் ஒன்றும் செய்ய முடியாது. அதன் வேலை வெளிக்காற்றைத் தடுப்பதும் உள்ளே காற்றைத் தேக்கிவைப்பதும். உள்ளே நீங்கள் குளம் வெட்டி வைத்திருந்தால் அது குளத்தைத்தான் காவல் காக்கும்.

*

இங்கே பருத்தியைப் பற்றிப் பேச வேண்டும். பேசினால் சண்டை வரும் என்று தெரியும். திருப்பூர் நம் பெருமை. பின்னலாடை என்றால் உலகம் திரும்பிப் பார்க்கும் ஊர் அது. கதருக்குப் பின்னால் ஒரு அரசியல் வரலாறே இருக்கிறது. "காட்டன்னா காத்தோட்டம், காட்டன்னா உடம்புக்கு நல்லது" என்பதைத் தாய்ப்பாலோடு குடித்து வளர்ந்தவர்கள் நாம். அதில் பொய்யில்லை. மே மாதத்து மதுரையில் பருத்தி செய்வதை வேறு எந்தத் துணியும் அவ்வளவு அழகாகச் செய்யாது. வியர்வையை உறிஞ்சி, தன்மேல் பரப்பி, மெதுவாக ஆவியாகவிட்டு உடலைக் குளிர்விக்கும்.

அதே வேலையைத்தான் அது மினியாபொலிஸிலும் செய்கிறது. உடலைக் குளிர்விக்கிறது. துணி மாறவில்லை, ஊர் மாறிவிட்டது. பருத்திக்கு எதிராக என்னிடம் குற்றச்சாட்டு எதுவும் கிடையாது. வெயிலுக்கு ஊழியம் செய்யப் பழகிய துணியைப் பனியில் நிறுத்தி வேலை வாங்குகிறவர்கள் மேல்தான் புகார்.

இன்னொரு ஏமாற்றும் இருக்கிறது. நம் ஊர்க் கடைகளில் 'தெர்மல்' என்ற பெயரில் விற்கும் உள்ளாடைகளில் பல, கொஞ்சம் தடித்த பருத்தி அல்லது பருத்தி கலந்த துணிதான். உள்பக்கம் பஞ்சு போலத் தேய்த்து மென்மையாக்கியிருப்பார்கள். கடையில் தொட்டுப் பார்த்தால் கதகதப்பாக இருக்கும். தொட்டுப் பார்க்கும் விரல் வியர்ப்பதில்லை, அதனால் அந்தச் சோதனையில் அது ஜெயித்துவிடும். வெளிநாடு போகும் பிள்ளைக்காக அப்பாக்கள் நான்கு செட் வாங்கிப் பெட்டியில் திணிக்கிறார்கள். பிள்ளை வந்து சேர்ந்ததும் கைமாறிக் கைமாறி வரும் அந்தப் பயணப் பட்டியலிலும் அதேதான் இருக்கும்: தெர்மல் இரண்டு, மங்கி கேப் ஒன்று, பிரஷர் குக்கர் ஒன்று. குக்கருக்கு எத்தனை லிட்டர் என்று போட்டிருப்பார்கள். தெர்மலுக்கு எந்தத் துணி என்று போட்டிருக்க மாட்டார்கள்.

*

அப்படியானால் என்ன போடுவது? இங்கே மலையேறுகிறவர்களும் பனிச்சறுக்குக்காரர்களும் ஒரே குரலில் சொல்லும் பதில் மெரினோ. மெரினோ என்பது ஸ்பெயினிலிருந்து உலகெங்கும் பரவிய செம்மறியினம். அதன் ரோமத்தில் நெய்த உள்ளடுக்கைத்தான் பேஸ் லேயர் என்று விற்கிறார்கள்.

இந்தப் பெயரைச் சொன்னதும் தமிழர் முகம் சுளிக்கும். "கம்பளியா? தோலோட ஒட்டியா? அரிக்குமே!" நம் மொழியே இதில் கம்பளிக்கு எதிராகச் சாட்சி சொல்கிறது. உடம்பெல்லாம் தடிக்க வைக்கும் புழுவுக்குக் கம்பளிப்பூச்சி என்று பெயர் வைத்தவர்கள் நாம். நாம் அறிந்த கம்பளி, தக்காணத்துச் செம்மறிகளின் முரட்டு ரோமத்தில் நெய்தது. அது மேய்ப்பருக்கு மழையில் கூடாரம், இரவில் படுக்கை, பகலில் சுமைக்கான சும்மாடு. அந்த வேலைகளுக்கு அது அருமையான துணி. அதை வெறும் தோலில் போட்டுக்கொண்டு அரிக்கிறது என்பது, கம்பளியில் சோற்றைக் கொட்டிவிட்டு மயிர் மயிர் என்று புலம்பின கதை.

அரிப்புக்குக் காரணம் ஒவ்வாமை என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அது வெறும் இயந்திரவியல். நூலிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் இழையின் முனை தோலில் குத்துகிறது. இழை மெல்லியதாக இருந்தால் குத்துவதற்கு முன்பே வளைந்துவிடும். தடிமனாக இருந்தால் வளையாமல் நரம்பு முனையைத் தொட்டுவிடும். அந்த எல்லை சுமார் 30 மைக்ரான். ஒரு துணியில் 30 மைக்ரானைத் தாண்டிய இழைகள் நூற்றுக்கு ஐந்துக்கு மேல் போனால் பெரும்பாலானவர்களுக்கு உறுத்தும். நல்ல உள்ளடுக்குகளில் சராசரி விட்டம் 17லிருந்து 19 மைக்ரானுக்குள் இருக்கும். அப்படி ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு தொட்டால் கம்பளி என்று சொல்ல மாட்டீர்கள்.

நமக்கும் இந்த ஆட்டுக்கும் உறவே இல்லை என்று நினைக்க வேண்டாம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் உதகைப் பக்கத்து மலைகளில் உள்ளூர் ஆடுகளோடு டாஸ்மேனிய மெரினோவையும் வேறு சில ஐரோப்பிய இனங்களையும் கலந்து உருவானதுதான் நீலகிரி ஆடு. உதகை அருகே சாண்டிநல்லாவில் அதற்கென்றே ஓர் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. தமிழ்நாட்டு மண்ணில் மெல்லிய ரோமம் தரும் ஓர் ஆட்டினம் இருக்கிறது என்பது, திருப்பூரை மூச்சுக்கு மூச்சு சொல்லும் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

*

இப்போது ஒரு புதிரைப் பார்ப்போம். சாதாரண ஈரப்பதமுள்ள காற்றில் வைத்தால் பருத்தி தன் எடையில் சுமார் 8 சதவீதம் நீரை இழுத்து வைத்துக்கொள்ளும். கம்பளி ஏறத்தாழ 16. பாலியஸ்டர் அரை சதவீதத்துக்கும் கீழே. அதாவது கம்பளி பருத்தியைவிட இரண்டு மடங்கு நீர் குடிக்கிறது. அப்படியிருக்கக் குளிரில் பருத்தி கெட்டது, கம்பளி நல்லது என்றால் எப்படி?

விடை, நீர் எங்கே உட்காருகிறது என்பதில் இருக்கிறது. கம்பளி இழை கெராட்டின் என்ற புரதம். நம் தலைமுடியும் நகமும் அதேதான். அதன் வெளிப்புறச் செதில்கள்மேல் கொழுப்பின் மெல்லிய படலம் உண்டு. திரவ நீரை அது விலக்கும். நீராவியோ இழையின் உள்ளே நுழைந்து புரதத்தோடு பிணைந்துகொள்ளும். இப்படித் தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு நீரை வாங்கிக்கொண்ட பிறகும் தொட்டால் ஈரம் தெரியாது. இரண்டாவது, இழையின் இரண்டு பக்கங்களும் வேறு வேறு அமைப்பு கொண்டவை. அதனால் அது இயல்பாகவே சுருண்டிருக்கும். நனைந்த பிறகும் அந்தச் சுருள் முழுக்கப் போய்விடாது. சுருள் இருந்தால் இடைவெளி இருக்கும், இடைவெளி இருந்தால் காற்று இருக்கும். கதகதப்பு என்பது அசையாத காற்றுதானே. பருத்தி நனைந்தால் துவண்டு தோலோடு படிந்துவிடும், இடைவெளிகளை நீர் நிரப்பிவிடும்.

அசையாத காற்றின் மதிப்பை 1933-இலேயே நார்வே ராணுவ அதிகாரி ஹென்ரிக் புருன் அழகாகக் காட்டினார். பழைய மீன்வலையை வெட்டிப் பனியனாகத் தைத்துப் போட்டுக்கொண்டார். பெரிய பெரிய ஓட்டைகள். ஓட்டைகளில் காற்று தங்கும், வியர்வை ஆவியாகித் தோலைவிட்டு வெளியேறி அடுத்த துணிக்குப் போய்விடும். அந்த வலைப் பனியன் இன்றும் விற்பனையில் இருக்கிறது. கரையெல்லாம் வலை காயப்போட்ட நாம் மைனஸ் இருபதில் பருத்தியோடு நிற்கிறோம்.

*

இதுவரை படித்துவிட்டு மெரினோ கடைக்குக் கிளம்புகிறவர்கள் கொஞ்சம் நில்லுங்கள். பருத்தி பக்தியை விட்டவர்கள் நேராக மெரினோ பக்தியில் போய் விழுகிறார்கள். இரண்டும் ஒரே நோய்.

கம்பளியைக் கடவுளாக்குவது பழைய கதை. ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டில் குஸ்டாவ் யேகர் என்ற விலங்கியல் அறிஞர் இருந்தார். 1880களில் அவர், மனிதன் விலங்கு ரோமத்தைத்தான் உடுத்த வேண்டும், தாவர இழைகள் உடலுக்குக் கேடு என்று பிரசாரம் செய்தார். 1884-இல் லண்டனில் அவர் பெயரிலேயே கம்பளி ஆடைக் கடை திறந்தது. பெர்னார்ட் ஷா யேகர் உடையை அணிந்துகொண்டு உலாவினார். உள்ளாடை, கால்சட்டை, படுக்கை விரிப்பு எல்லாமே கம்பளி. இன்று மெரினோ விளம்பரங்களைப் படிக்கும்போது யேகர் இன்னும் சம்பளம் வாங்குகிறார் என்றே தோன்றுகிறது.

"கம்பளி வெப்பத்தை உற்பத்தி செய்கிறது" என்பார்கள். நீராவியை உள்வாங்கும்போது இழை வெப்பத்தை வெளிவிடுவது உண்மை. 200 கிராம் சட்டை ஒன்று 20 கிராம் நீரை உள்வாங்கினால் ஏறத்தாழ 50 கிலோஜூல் வரும். சூடான வீட்டிலிருந்து வெளியே வந்த முதல் சில நிமிடங்களில் அது உதவும். ஆனால் சட்டை காயும்போது அதே 50 கிலோஜூலைத் திருப்பி வாங்கிக்கொள்ளும். ஆக, அது உற்பத்தி இல்லை, கைமாற்று. கஷ்ட நேரத்தில் கொடுத்து, வசதியான நேரத்தில் வாங்கிக்கொள்ளும் கைமாற்று நல்ல விஷயம்தான். அதை வருமானம் என்று விற்பதுதான் மோசடி.

"பாக்டீரியாவைக் கொல்லும், அதனால் நாற்றம் வராது" என்பது அடுத்தது. நாற்றம் குறைவு என்பது சரி. ஒரே மெரினோ சட்டையை நான்கு நாள் போடலாம், பாலியஸ்டர் ஒரே நாளில் காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் பாக்டீரியா கம்பளியில் சௌக்கியமாகத்தான் வாழ்கிறது. மணமுள்ள மூலக்கூறுகளை இழை தனக்குள் பிடித்துவைத்துக்கொள்கிறது, அவ்வளவே. பாலியஸ்டர் தோலின் எண்ணெயை இழுத்து வைத்துக்கொண்டு மணத்தை வெளியே தள்ளுகிறது.

"முழுக்க இயற்கை" என்பது மூன்றாவது. கம்பளியைச் சும்மா துவைத்தால் செதில்கள் ஒன்றோடொன்று கொக்கி போட்டுக்கொண்டு துணி சுருங்கிவிடும். இயந்திரத்தில் துவைக்கலாம் என்று சீட்டு ஒட்டிய மெரினோவில் பெரும்பகுதி சூப்பர்வாஷ் முறையில் பதப்படுத்தப்பட்டது. குளோரினால் செதில் முனைகளை அரித்துவிட்டு, மேலே பாலிமர் பூச்சு ஒன்றைக் கொடுக்கிறார்கள். திரவ நீரை விலக்கும் அந்தக் கொழுப்புப் படலமும் குளோரினோடு போய்விடுகிறது. சுருளும் உட்புறமும் மிஞ்சுவதால் சட்டை தன் வேலையைச் செய்கிறது. செய்யட்டும். ஆனால் பிளாஸ்டிக்கை வெறுத்து மெரினோவுக்கு வந்தேன் என்று சொல்லும் நண்பர்கள், தாங்கள் போட்டிருப்பது மெல்லிய பிளாஸ்டிக் சட்டை போட்ட ரோமம் என்பதைத் தெரிந்துகொண்டு பேசலாம்.

நான்காவது, ஆட்டின் கதை. அதிக ரோமம் வேண்டும் என்பதற்காக மெரினோவைத் தோல் மடிப்புகளோடு வளர்த்தெடுத்தார்கள். பின்பக்க மடிப்புகளில் ஈரம் தங்கி, ஈ முட்டையிட்டு, புழுக்கள் ஆட்டை உயிரோடு தின்னும். அதைத் தடுக்க ஆஸ்திரேலியாவில் குட்டிகளின் பின்பக்கத் தோலை வெட்டியெடுக்கும் மியூல்சிங் என்ற வழக்கம் வந்தது. நியூசிலாந்து 2018-இல் அதைச் சட்டப்படி தடை செய்தது. ஆஸ்திரேலியாவில் இன்னும் தொடர்கிறது. பச்சைப்புல், நீலவானம், சிரிக்கும் ஆடு என்று அட்டைப்பெட்டியில் படம் போடுகிறவர்கள், அந்த ஆடு மியூல்சிங் செய்யப்படாதது என்று ஒரு வரி போட முடியுமா என்று பாருங்கள். போட முடிந்தவர்கள் பெருமையாகவே போடுகிறார்கள். போடாதவர்களிடம் கேட்க வேண்டியது நம் வேலை.

*

ஒரு துணியை நம் அடையாளமாக்கிக்கொண்டால் அதைச் சோதிப்பதை நிறுத்திவிடுவோம். பருத்தி நம் பண்பாடு, மெரினோ நம் முன்னேற்றம் என்று ஆளுக்கொரு பக்கம் கொடி பிடிப்பதற்குப் பதில், தோலை ஒட்டிய துணியிடம் ஒரே கேள்வியைக் கேட்டால் போதும்: என் வியர்வையை நீ என்ன செய்வாய்?

அப்படிக் கேட்டால் தேர்வு தானாக எளிதாகிறது. நடந்துகொண்டே, ஓடிக்கொண்டே, சுமந்துகொண்டே இருப்பவருக்கு மெல்லிய துணி: சதுர மீட்டருக்கு 150 கிராம். அலுவலகம், நடை, பேருந்து என்று கலந்து வாழ்பவருக்கு 200. அதிகம் அசையாமல் நிற்பவருக்கு 250. "தடிமனா இருந்தா நல்லது தானே" என்று எல்லோரும் 250ஐ வாங்கி, வியர்த்து, மெரினோவைத் திட்டுகிறார்கள். மைக்ரான் எண்ணைக் கேளுங்கள், 18.5-க்குக் கீழே இருந்தால் பெரும்பாலான தோல்கள் சண்டை போடாது. 150இல் சுத்த மெரினோ சீக்கிரம் ஓட்டை விழும். நடுவில் நைலான் இழை வைத்து அதைச் சுற்றி ரோமம் முறுக்கிய நூல் கூடுதல் காலம் உழைக்கும். நூறு சதவீதம் என்ற சீட்டுக்கு மயங்க வேண்டியதில்லை.

அளவு தோலைத் தொட வேண்டும். லூசாகத் தொங்கும் உள்ளடுக்கு வியர்வையை எடுக்காது. நடுவே குளிர்காற்று வேறு குடித்தனம் வைக்கும். சட்டை இடுப்புக்குக் கீழே இறங்கி, உள்ளே செருகினால் நிற்க வேண்டும். "ஒரு சைஸ் பெருசா எடுத்துக்கோ, நாளைக்கு ஆகும்" என்ற குடும்ப ஞானத்தை இந்த ஒரு விஷயத்தில் விட்டுவிடுங்கள்.

கால்களுக்கும் வாங்குங்கள். இதில்தான் நம் ஆண்களோடு எனக்குத் தீராத வழக்கு. "டைட்ஸ் எல்லாம் பொம்பளைங்க போடறதுடா" என்று சொல்லிவிட்டு மைனஸ் இருபதில் ஜீன்ஸோடு நிற்கிறார்கள். ஜீன்ஸும் பருத்திதான், அதிலும் தடித்த பருத்தி. பனி உருகி முழங்கால் வரை ஏறினால் வீடு போகும்வரை காயாது. உடம்பின் பெரிய தசைகள் தொடையில் இருக்கின்றன. ஆண்மை அங்கே விறைத்துப்போய் நிற்பதில் யாருக்கு லாபம்?

துவைப்பதில் ஒரு எச்சரிக்கை. கறை நீக்கும் பல டிடர்ஜென்ட்களில் புரோட்டியேஸ் என்ற நொதி இருக்கும். ரத்தக்கறை, பால்கறை போன்ற புரதத்தைச் செரிப்பது அதன் வேலை. கம்பளியும் புரதம். அந்த நொதிக்குக் கறை எது, சட்டை எது என்று தெரியாது. கம்பளிக்கென்றே விற்கும் திரவத்தில், குளிர்ந்த நீரில் அலசி, பிழியாமல், விரித்துப் படுக்கவைத்துக் காயவையுங்கள். குளோரின் பிளீச் பக்கமே போகக் கூடாது. கம்பளியை அது கரைத்தே விடும். கோடையில் துவைத்த பிறகுதான் பெட்டியில் வையுங்கள். அந்துப்பூச்சியின் புழுவுக்கு அழுக்குக் கம்பளி என்றால் கல்யாணச் சாப்பாடு.

*

கடைசியாக, பணம். ஒரு நல்ல மெரினோ சட்டை எண்பது, நூறு டாலர். கால்சட்டையும் சேர்த்தால் இருநூறு. மென்பொருள்காரனுக்கு அது ஒரு வார இறுதிச் சாப்பாட்டுச் செலவு. சில வருடங்களுக்கு முன் தூரத்து உறவில் ஒரு தம்பி இங்கே முதுகலை படிக்க வந்திருந்தான். இரவில் ஒரு கிடங்கில் பெட்டி தூக்கும் வேலை. விடியற்காலை வேலை முடிந்து, உள்ளே சொட்டச்சொட்ட நனைந்த பருத்தித் தெர்மலோடு பேருந்துக்கு முக்கால் மணி நேரம் நிற்பான். மேலே போட்டிருந்தது நல்ல கோட்டு. அவன் அப்பா கடன் வாங்கி அனுப்பிய பணத்தில் வாங்கியது. "அண்ணா, கோட்டு டூப்ளிகேட்டா இருக்குமோ? உள்ள நடுங்குதுண்ணா" என்று கேட்டான். கோட்டில் எந்தக் குறையும் இல்லை.

அவனுக்கு நான் மெரினோவைச் சொல்லவில்லை. பெட்டி தூக்குகிறவனுக்கு வேண்டியது சீக்கிரம் காயும் துணி, அதில் பாலியஸ்டர் கம்பளியை ஜெயிக்கும். விலை மூன்றில் ஒரு பங்கு. தினமும் துவைக்க வேண்டும், நாற்றம் வரும், அவ்வளவுதான். இரண்டு மேல், இரண்டு கீழ், பையில் மாற்றிக்கொள்ள ஒன்று. வேலை முடிந்ததும் கழிவறையில் போய் நனைந்ததைக் கழற்றிவிட்டுக் காய்ந்ததைப் போட்டுக்கொண்டு பேருந்துக்கு நில் என்றேன். இதில் மாயம் எதுவும் இல்லை. நாற்பது நிமிட உடல் வெப்பத்தை அரை டம்ளர் நீருக்குத் தாரை வார்க்காமல் இருப்பது மட்டும்தான்.

இந்த நாலு வரியை அவன் கிளம்புவதற்கு முன் யாரும் அவனுக்குச் சொல்லவில்லை என்பதுதான் என் கோபம். சொல்லும் இடத்தில் இருந்தவர்கள் எல்லோரும் படித்தவர்கள், பத்து இருபது குளிர்காலம் பார்த்தவர்கள். அவர்களுக்கே அது தேவைப்படவில்லை. ஸ்கைவேயில் நடக்கிறவர்களுக்கு உள்ளே என்ன போட்டிருந்தாலும் ஒன்றுதான். தங்களுக்குத் தேவைப்படாத அறிவைத் தேடித் தெரிந்துகொண்டு பின்னால் வருகிறவர்களுக்குக் கொடுப்பதற்குத்தான் முன்னால் வந்தவர்கள் என்று பெயர். குக்கரின் லிட்டர் கணக்கைச் சரியாகச் சொல்லத் தெரிந்த சமூகத்துக்கு இது முடியாத காரியம் இல்லை.

இந்த வருடமும் பட்டியல் கைமாறத் தொடங்கியிருக்கும். உங்கள் கையில் வரும்போது 'தெர்மல் இரண்டு' என்ற வரியை அடித்துவிட்டு இப்படி எழுதுங்கள்: "பருத்தி வேண்டாம். பாலியஸ்டரோ மெரினோவோ, மேலுக்கு இரண்டு, காலுக்கு இரண்டு, உடம்பை ஒட்டிய அளவில். கோட்டை இங்கே வந்து பழைய துணிக்கடையில் நாற்பது டாலருக்கு வாங்கிக்கொள்ளலாம்." கோட்டைக் குறைத்து எழுதினால் ஊரில் அப்பாக்கள் சம்மதிக்க மாட்டார்கள். பேசிப் புரியவையுங்கள்.